நானூற்று எண்பத்தாறு

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வியாழக்கிழமை நடந்த தப்பிலும் என் கோபத்துக்குப் பங்கு உண்டு, நல்லதிலும் உண்டு.

என் பெயர் வசுந்தரா. மதுரையில் ஒரு தனியார் இதய மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். ஆனால் வார்டில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அங்கே நான் பாட்டில் மேடம். ஆஞ்சியோகிராம் முடிந்து கட்டிலுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டிலை நீட்டி, ஆறு மணி நேரத்துக்குள் சிறுநீர் பிடித்துத் தரச் சொல்வேன். தராதவர்களை லேசில் விடமாட்டேன்.

காரணம் இருக்கிறது. ஆஞ்சியோகிராமில் இதயத்து ரத்தக் குழாய்கள் படத்தில் தெரிவதற்காக உடம்புக்குள் ஒரு சாயத்தைச் செலுத்துவார்கள். வேலை முடிந்ததும் அந்தச் சாயம் சிறுநீரகம் வழியாக வெளியேறும். பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. சிலருக்கு, அதிலும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு, போகிற போக்கில் சிறுநீரகத்தை ஒரு அடி அடித்துவிட்டுப் போகும். அடி விழுந்தது வழக்கமான ரத்தப் பரிசோதனையில் தெரிய இரண்டு நாள் ஆகும். கிரியேட்டினின் என்று அதற்குப் பெயர். அந்த இரண்டு நாளில் நோயாளி வீட்டுக்குப் போய், கறிக்குழம்பு சாப்பிட்டு, கண்ட மாத்திரையையும் விழுங்கியிருப்பார்.

ஆனால் அடிபட்ட சிறுநீரகம் சில மணி நேரத்திலேயே ஒரு புரதத்தைச் சிறுநீரில் கசியவிடும். அதை அளந்தால் இரண்டு நாள் முன்னாலேயே பிடித்துவிடலாம். எங்கள் லேபில் அதற்கென்று ஒரு சின்ன மெஷின் ஆராய்ச்சிக்காக வந்திருந்தது. நூறுக்குக் கீழே எண் காட்டினால் பயமில்லை. எட்டு மாதமாக நானும் அந்த மெஷினும் இருநூற்றுப் பன்னிரண்டு பாட்டில் பார்த்துவிட்டோம். நான்கே நான்கு பாட்டில்தான் நூறைத் தாண்டியது. அதுவும் மறுநாள் பார்த்தால் இறங்கிவிட்டது. அதனால் எங்கள் பெரிய டாக்டர் பாலசுந்தரம் ஒரு விதி வைத்தார். ஒரு பாட்டில் ஏறினால் கூப்பாடு போடக் கூடாது, மறுநாள் இன்னொரு பாட்டில் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

"இந்த மாசம் முடிய பாப்போம் வசு. அப்புறம் மெஷினத் திருப்பிக் குடுத்துருவோம்" என்றும் சொல்லியிருந்தார்.

அந்த மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது.

புதன்கிழமை காலை மாமன் மச்சான் இரண்டு பேர் ஒன்றாக வந்து படுத்தார்கள். மூத்தவர் மொக்கையன். கீழக்குயில்குடிக்காரர், அறுபத்தொரு வயது, கொஞ்சம் வயலும் நான்கு மாடும் வைத்திருக்கிறார். நெஞ்சுவலி அவருக்குத்தான். அவரை முதன்முறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தவர் அவருடைய மனைவியின் தம்பி அழகுபாண்டி. ஆனையூரில் இருந்துகொண்டு குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவர். வந்த இடத்தில் சும்மா எடுத்துப் பார்த்த ஈசிஜியில் அவருக்கும் ஏதோ கோணல். சரி, இரண்டு பேருக்கும் ஒரே நாளில் ஆஞ்சியோ என்று முடிவாகிவிட்டது. கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி சிரித்துக்கொண்டே பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இடம் பிடித்தார்கள்.

அழகுபாண்டிக்குக் கை வழியாகக் குழாய் விட்டார்கள். ஒரு மணி நேரத்தில் எழுந்து வார்டை அளக்க ஆரம்பித்துவிட்டார். மொக்கையனுக்குக் கை நாளத்தில் குழாய் ஏறவில்லை. தொடை வழியாக விட்டதால் சாயங்காலம் வரை மல்லாந்து அசையாமல் படுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

மதியம் இரண்டு மணிக்குப் போனேன். இரண்டு பாட்டிலும் காலி.

"என்ன நெனச்சுட்டு இருக்கீங்க ரெண்டு பேரும்? இது விளையாட்டுச் சாமானா? நாலு மணிக்கு வருவேன். நிறைஞ்சிருக்கணும். இல்லாட்டி நாளைக்கு ரெண்டு பேருக்கும் டிஸ்சார்ஜ் கிடையாது!"

டிஸ்சார்ஜுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் இதையே ஸ்டிக்கராக அடித்து ஒவ்வொரு பாட்டிலிலும் ஒட்டியிருந்தேன். 'நிரப்பாவிட்டால் வீடு இல்லை.' நல்ல பலன் இருந்தது. நான்கு மணிக்குப் போனபோது இரண்டு பாட்டிலும் கழுத்து வரை நிறைந்து மேசைமேல் நின்றன.

"அப்படி வாங்க வழிக்கு" என்று எடுத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை பத்து மணி. மெஷினில் எட்டு பாட்டில் போட்டேன். முப்பத்தெட்டு, ஐம்பத்திரண்டு, நாற்பத்தொன்று என்று வழக்கம்போல வந்துகொண்டிருந்தது. ஏழாவது எண் வந்தது. நானூற்று எண்பத்தாறு.

நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். எட்டு மாதம் கிணற்றடியில் தூண்டில் போட்டு உட்கார்ந்தவளுக்கு மீன் கடித்த மாதிரி இருந்தது. மொக்கையன் பாட்டில். "ஐயோ!" என்றும் "அடி சக்கை!" என்றும் ஒரே மூச்சில் சொன்னேன்.

எட்டாவது எண் வந்தது. அழகுபாண்டி பாட்டில். நானூற்று எண்பத்தாறு.

இது எப்படி? இரண்டையும் திரும்பப் போட்டேன். நானூற்று எண்பத்து நான்கு, நானூற்று எண்பத்தேழு. மெஷினைச் சோதிக்கும் திரவத்தைப் போட்டேன், சரியாகக் காட்டியது. மற்ற ஆறு பாட்டிலும் ஒழுங்காக இருக்கின்றன. இரண்டு பாட்டிலையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். ஒரே நிறம். அப்போதுதான் புரிந்தது. இரண்டு பாட்டிலிலும் இருப்பது ஒரே ஆளுடைய சிறுநீர்.

பாவிகளா! ஒருத்தர் பிடித்து இரண்டு பேரும் பங்கு போட்டிருக்கிறார்கள்.

பாலசுந்தரம் டாக்டரை ஆஞ்சியோ அறை வாசலில் மடக்கினேன். அடுத்த நோயாளிக்காக அங்கி மாட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தார்.

"காலையில எடுத்த கிரியேட்டினின் ரெண்டு பேருக்குமே நார்மல். ஒன்னு புள்ளி ஒன்னு. அதனாலதான் ஏழு மணிக்கே அனுப்பிட்டேன். ரெண்டுலயும் ஒரே நம்பர்னா மெஷின் கோளாறுதான்."

"மெஷின் சரியா இருக்கு சார். ஆளுங்கதான் கோளாறு. அந்த ரெண்டு பேர்ல ஒருத்தருக்குக் கிட்னி அடி வாங்கியிருக்கு. நாளைக்குத்தான் சார் கிரியேட்டினின் ஏறும்."

"ஏறலைன்னா?"

"ஏறலைன்னா பாட்டில் தூக்குறதையே விட்டுடுறேன்."

அவரும் என்னைப் போலச் சௌராஷ்டிர வீட்டுப் பிள்ளைதான், எங்கள் வீட்டாரைத் தெரிந்தவர். எரிச்சல் வந்தால் தமிழை விட்டு வீட்டு மொழிக்குத் தாவிவிடுவார். அப்படித் தாவி, நான் எங்கள் அம்மாவைவிட மோசமான பிடிவாதக்காரி என்றார். பிறகு தமிழுக்குத் திரும்பி, "சரி, ஆளக் கூட்டிட்டு வா. பெட் போட்டு வைக்கிறேன்" என்றார்.

இரண்டு பேரின் சீட்டிலும் ஒரே செல் நம்பர் இருந்தது. ஆறு தடவை அடித்தேன். யாரும் எடுக்கவில்லை. முகவரியைக் குறித்துக்கொண்டு, புதுப் பாட்டில் இரண்டைப் பையில் போட்டுக்கொண்டு, லேப் ரிசல்ட் தாளையும் ஒரு அட்மிஷன் பாரத்தையும் திணித்துக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

யாருடைய சிறுநீர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மல்லாந்து படுத்துக்கொண்டு சிறுநீர் கழிப்பது லேசில்லை. நிறைய பேருக்கு வராது. எழுந்து நடமாடிய அழகுபாண்டிதான் பிடித்துவந்து மச்சானுக்கும் ஊற்றிக் கொடுத்திருக்க வேண்டும். ஆக, அடிபட்டவர் அழகுபாண்டி. நேராக ஆனையூர்.

வீட்டு வாசலில் குட்டியானையைக் குழாய்த் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக்கொண்டிருந்தார். கையில் நேற்றுப் போட்ட கட்டு அப்படியே நனைந்திருந்தது.

"அந்தக் கையோட வண்டி கழுவுறீங்களா?" என்று கத்தினேன்.

"வாங்க மேடம்! நீங்க எங்க இங்க? நல்லாத்தான இருக்கேன். போன் சார்ஜ்ல கெடக்கு, கேக்கலை."

"பாட்டில்ல யாரோட யூரின் இருந்துச்சு? உண்மையச் சொல்லுங்க."

அவர் குழாயை மூடிவிட்டு மெதுவாகக் கையைத் துடைத்தார். "என்னோடது என்னோடது. மச்சானோடது மச்சானோடது."

"ரெண்டும் ஒரே ஆளோடதுன்னு மெஷின் சொல்லிருச்சு. அந்த ஆளுக்குக் கிட்னி அடிபட்டிருக்கு. உடனே பார்க்கலைன்னா டயாலிசிஸ் வரைக்கும் போகும். இப்பச் சொல்லுங்க, யாரோடது?"

அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. குழாயைச் சுருட்டி ஓரமாக வைத்தார். பிறகு, "என்னோடதுதான் மேடம். ரெண்டுமே என்னோடதுதான். அப்படியே எழுதிக்கங்க" என்றார்.

எனக்கு வெற்றி. ஒரு நிமிடத்தில் உண்மையைக் கறந்துவிட்டேன் என்று பெருமையாக இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு வரச் சொல்லி அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அவசரத்தில் அவர் செல்போனைச் சார்ஜிலேயே விட்டுவிட்டு வந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

கூடல் நகர் தாண்டும்போது ஒரு இளநீர்க்காரர் தென்பட்டார். உள்ளே நீர் போவது நல்லது, குடிக்கட்டும் என்று நிறுத்தினேன். அவர் குடிக்கிற நேரத்தில் அட்மிஷன் பாரத்தை நிரப்பிவிடலாம் என்று தாளை எடுத்தேன்.

"சுகர் எத்தனை வருஷமா?"

"சுகரா? எனக்கா? எனக்கு ஒன்னுங் கெடையாது மேடம். நேத்துக்கூட டாக்டரு சொன்னாரு, சுத்தமா இல்லைன்னு."

பையிலிருந்து லேப் தாளை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பாட்டிலிலும் வழக்கமாகச் செய்கிற சாதாரணப் பரிசோதனையின் முடிவு ஓரத்தில் இருந்தது. இரண்டு பாட்டிலுக்கும் சிறுநீரில் சர்க்கரை மூன்று பிளஸ், அதாவது எக்கச்சக்கம். காலையிலிருந்து அந்தத் தாள் என் கையில்தான் இருக்கிறது. நானூற்று எண்பத்தாறையே பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு அது படவே இல்லை.

"மொக்கையன் ஐயாவுக்கு?" என்று கேட்டேன்.

அவர் இளநீரைக் கீழே வைத்தார். "மச்சானுக்குப் பத்து வருசமா இருக்கு."

"அப்ப அது உங்களோடது இல்லை!"

"இல்லை மேடம்." ஒரு வழியாக வாய் திறந்தார். "நீங்க சொல்றதுக்கு முன்னாடியே நான் பாத்ரூம் போய்ட்டு வந்துட்டேன். பாட்டில் இருக்கதே மறந்து போச்சு. நீங்க ரெண்டு மணிக்கு வந்து அம்புட்டுக் கோவமாச் சொல்லிட்டுப் போனீங்களா, பயந்து போயி எம்புட்டுத் தண்ணி குடிச்சுப் பாத்தேன், ஒரு சொட்டு வரலை. மச்சானுக்குக் கட்டில்லயே நர்சம்மா ஒரு டப்பா வச்சிருந்துச்சு. உங்க சத்தத்துல அவருக்கு அப்பவே வந்துருச்சு, நெறையக் கெடந்துச்சு. மச்சான்தான் 'ஏன் மாப்ள முழிக்கிற, இதுல எடுத்துக்க, மாமன் மச்சானுக்குள்ள என்ன'ன்னு ஊத்திவிட்டாரு."

"சரி, அது போகட்டும். இன்னிக்கு ஏன் உங்களோடதுன்னு சொன்னீங்க?"

"கிட்னி பழுதுன்னு சொன்னீங்கள்ல. மச்சானுக்கு ஏற்கெனவே சுகரு, நெஞ்சுவலி. இதுவும்னா எங்க அக்கா தாங்காது. சரி, இது நம்மளோடதா இருந்துட்டுப் போகட்டும்னு பட்டுச்சு."

அறையலாம் போல இருந்தது. அழுகையும் வந்தது. "பழுதைக் கடன் வாங்க முடியாதுங்க!" என்று நடுரோட்டில் கத்தினேன். இளநீர்க்காரர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். மணி பன்னிரண்டு. எங்கள் இரண்டு பேருடைய கெட்டிக்காரத்தனத்திலும் இரண்டு மணி நேரம் போயிருந்தது.

"அக்காவுக்குப் போன் போடுங்க."

"அக்காகிட்ட போன் இல்லை. பக்கத்து வீட்டு நம்பர் என் போன்ல இருக்கு. போன் வீட்ல..."

"ஏறுங்க!"

ஸ்கூட்டி அப்படி ஓடும் என்று எனக்கே தெரியாது. காளவாசல் பாலத்தில் ஏறி இறங்கித் தேனி ரோட்டைப் பிடித்தேன். காற்றில் குரல் எழுப்பிக் கேட்டேன்.

"மச்சான் இன்னிக்கு ஏதாச்சும் மாத்திரை சாப்பிட்டாரா?"

"ஆஸ்பத்திரி மாத்திரை எல்லாம் கரெக்டாச் சாப்பிடுவாரு மேடம். அப்புறம் நேத்து பூரா மல்லாந்து கெடந்ததுல முதுகு விட்டுப் போச்சுன்னு சொன்னாரு. போற வழியில மெடிக்கல்ல செட் மாத்திரை வாங்கிக் குடுத்தேன். ஆறு செட்டு."

வண்டி ஒரு ஆட்டம் ஆடி நேரானது. செட் மாத்திரை என்றால் எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. உடம்பு வலி என்று மருந்துக்கடையில் சொன்னால் நான்கைந்து மாத்திரைகளைப் பிரித்து, ஒரு சின்னக் காகித உறையில் போட்டுத் தருவார்கள். என்ன மாத்திரை என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, கேட்கவும் மாட்டார். அதில் கட்டாயம் ஒரு வலி மாத்திரை இருக்கும். அடிபட்ட சிறுநீரகத்துக்கு அதைப் போல விஷம் வேறில்லை.

"ஆறு செட்டா?" என்று கத்தினேன்.

"அவருக்கு வலின்னா தாங்காது மேடம்" என்றார் பின்னாலிருந்து, என் ஹெல்மெட்டில் தலை முட்டிக்கொண்டே.

தேனி ரோட்டை விட்டுத் திரும்பியதும் சமணர் மலை வெயிலில் தகதகவென்று நின்றது. ஐயனார் கோயில் தாண்டி, தாமரைக் குளம் தாண்டி, அழகுபாண்டி கைகாட்டிய சந்தில் நுழைந்தேன். ஸ்டாண்டு போடக்கூட நேரமில்லை. வண்டியை அவர் கையில் விட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

மொக்கையன் ஃபேனுக்குக் கீழே பாயில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கையில் பிரித்த காகித உறை. இன்னொரு உள்ளங்கையில் நான்கு மாத்திரை. வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது.

தட்டிவிட்டேன். பெரியவர் ஒருவரின் கையைத் தட்டிவிட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. மாத்திரைகள் டிவி ஸ்டாண்டுக்கு அடியில் உருண்டன.

"பாட்டில் மேடம்!" என்று அவர் எழப் பார்த்தார். "இன்னும் பாட்டில் பாக்கி இருக்கா?"

அவருடைய மனைவி முத்துத்தாய் அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். கையில் ஒரு டம்ளர். அதில் பாதிதான் தண்ணீர்.

"ஏம்மா பாதி டம்ளர்?" என்று கேட்டேன்.

"மாத்திரை முழுங்கத்தாம்மா. காலையில இருந்து நான் அளந்துதான் குடுக்குறேன். ஆர்ட்டுக்காரவுகளுக்குத் தண்ணி ஆகாதுல்ல? எதுத்த வீட்டு ஒச்சாயி புருசனுக்கு நெஞ்சுல நீர் கோத்துச்சு, தண்ணிய அளந்து குடுங்கன்னு டாக்டரு சொன்னாருல்ல." பாராட்டை எதிர்பார்க்கிற முகம். "அவரு கேட்டாக்கூட நான் குடுக்கலை."

ஒச்சாயி புருஷனுக்கு இருந்தது வேறு வியாதி. சாயம் ஏற்றிக்கொண்டு வந்தவர் தண்ணீர் குடிக்க வேண்டும். எங்கள் டிஸ்சார்ஜ் சீட்டில் அது எழுதியிருக்கிறது, ஆங்கிலத்தில். எனக்கு வாய் வரை வந்துவிட்டது. உங்களுக்கு யாரம்மா டாக்டர் பட்டம் கொடுத்தது என்று ஆரம்பித்து ஒரு பாட்டு விடுவதற்கு மூச்சும் இழுத்துவிட்டேன். அப்போது வாசலில் அழகுபாண்டி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. நேற்று வார்டில் நின்ற அதே நிற்பு. திட்டு விழப்போகிறது என்று தெரிந்து பொய்யைத் தயார் செய்துகொள்கிற முகம்.

இழுத்த மூச்சை மெதுவாக விட்டேன். பாயில் மொக்கையன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஐயா, நான் திட்ட மாட்டேன். இதுல எத்தனை செட் சாப்பிட்டீங்க?"

"ஒரு செட்டும்மா."

"நெசமாத்தான் சொல்றேன், திட்டவே மாட்டேன். உங்க கிட்னி அடிபட்டிருக்கு. எத்தனைன்னு தெரிஞ்சாத்தான் டாக்டர் சரியா மருந்து குடுக்க முடியும்."

அவர் முத்துத்தாயைப் பார்த்தார், மச்சினனைப் பார்த்தார். "வந்ததும் ரெண்டு. பத்து மணிக்கு ஒன்னு. இது நாலாவது."

"மூத்திரம் எப்பப் போனீங்க?"

"நேத்து ராத்திரி போனது. காலையில ஒருக்கா வந்துச்சு, கொஞ்சூண்டு. தேத்தண்ணி மாதிரி." குரலைத் தாழ்த்தினார். "அது நல்லதில்லையோ?"

"நல்லதில்லை ஐயா. ஆனா இப்பவே தெரிஞ்சதுதான் நல்லது. கிளம்புங்க."

"நார்மல்னு சொல்லித்தானம்மா அனுப்புனாக. மாடு கன்னு போடுற நேரம், நான் எங்கிட்டு வாரது?"

முத்துத்தாய் டம்ளரைத் தரையில் வைத்தார். மிச்சமிருந்த செட் உறைகளை மடியில் கட்டிக்கொண்டார். "மாட்டைப் பக்கத்து வீட்டுல பாத்துக்குவாக. எந்திரிங்க. அந்தப் புள்ள வெயில்ல ஓடி வந்துருக்கு, இவரு மாட்டைப் பத்திப் பேசுறாரு" என்றார். அழகுபாண்டி அதற்குள் ஆட்டோ பிடித்துவந்துவிட்டார்.

இரண்டு மணிக்குள் டிரிப்ஸ் ஏறியது. இதய நோயாளி என்பதால் நீரையும் பார்த்துப் பார்த்துத்தான் ஏற்றினார் பாலசுந்தரம் டாக்டர். முத்துத்தாய் அவிழ்த்துக் கொடுத்த உறையைப் பிரித்து, அந்த வலி மாத்திரையைத் தனியாக எடுத்துப் பார்த்தார். முகம் மாறியது. வழக்கமான சர்க்கரை மாத்திரையையும் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி, இன்சுலினுக்கு மாற்றினார். பிறகு எங்கள் மெஷின் அறைக்கு முதல்முறையாக அவரே வந்து, அந்த எண் ஓடிய தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அழகுபாண்டியும் புதுப் பாட்டிலில் சொந்தமாக ஒரு தடவை கொடுத்தார். முப்பத்தாறு.

மறுநாள் வெள்ளி. காலை எட்டு மணிக்கு மொக்கையனின் ரத்தம் லேபுக்கு வந்தது. மெஷின் முன்னால் நின்றுகொண்டே இருந்தேன். கிரியேட்டினின் ஒன்று புள்ளி ஏழு.

"ஏறிருச்சு!" என்று கத்திக்கொண்டு வார்டுக்கு ஓடினேன். "சார், ஏறிருச்சு! ஒன்னு புள்ளி ஏழு!"

வார்டு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மொக்கையன் கட்டிலில் சாய்ந்தபடி, "என்னம்மா, பரீச்சை மார்க்கா?" என்றார்.

அப்போதுதான் நான் எதற்குக் குதிக்கிறேன் என்று உறைத்தது. ஒரு மனிதரின் சிறுநீரகம் அடிவாங்கியதற்குச் சந்தோஷப்பட்டு அவர் முன்னாலேயே கத்தியிருக்கிறேன். வெட்கமாகிவிட்டது. "இல்லை ஐயா, உங்க..." என்று இழுத்தேன். டாக்டர் என்னைக் காப்பாற்றினார்.

"மார்க்குதான் பெரியவரே. இந்தம்மாவுக்கு" என்றார். "இதை நான் இன்னிக்குத்தான் பார்த்திருப்பேன். அதுக்குள்ள நீங்க ஆறு செட்டும் முழுங்கியிருப்பீங்க, அரை டம்ளர் தண்ணியில. அப்ப இந்த நம்பர் நாலஞ்சு நாள்ல ஆறு ஏழுன்னு போய் நின்னிருக்கும். அப்புறம் டயாலிசிஸ் பத்தித்தான் பேசிக்கிட்டு இருப்போம்."

சனிக்கிழமை ஒன்று புள்ளி எட்டு. ஞாயிறு ஒன்று புள்ளி ஐந்து. சிறுநீர் வெளுத்து, நிறையப் போக ஆரம்பித்தது. இறங்குகிற ஒவ்வொரு எண்ணையும் நான் கட்டிலுக்குப் போய்ச் சொன்னேன். கத்தாமல் சொன்னேன். மாடு கன்று போட்ட செய்தியை அழகுபாண்டி வந்து சொன்னார். புதன்கிழமை ஒன்று புள்ளி இரண்டில் டிஸ்சார்ஜ். இந்தத் தடவை தண்ணீர், மாத்திரை விவரமெல்லாம் தமிழில் நானே எழுதிக் கொடுத்தேன். முத்துத்தாய் அதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் பரிசோதனைக்கு மாமனும் மச்சானும் சேர்ந்தே வந்தார்கள். மாதம் முடிந்திருந்தது. மெஷின் திரும்பிப் போகவில்லை. ஒன்று ஏறினால் மறுநாள் வரை காத்திருக்கும் விதிதான் போயிருந்தது. நான் மேசையில் உட்கார்ந்து பாட்டில்களில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்களை ஒவ்வொன்றாகக் கிழித்துக்கொண்டிருந்தேன். 'நிரப்பாவிட்டால் வீடு இல்லை.' மொக்கையனின் கிரியேட்டினின் ஒன்று புள்ளி ஒன்று. பழைய இடத்துக்கே வந்து நின்றுவிட்டது.

சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு என் கையைக் கவனித்தார்.

"அதை ஏம்மா கிழிக்கிறீக?"

"இதைப் பார்த்துப் பயந்துதான ஐயா உங்க மாப்ள உங்ககிட்ட வாங்கி ஊத்துனாரு. இனிமே யாரையும் மிரட்ட மாட்டேன்."

"எனக்கு ஒன்னு சொல்லுங்க. என் ஒரு பாட்டில்ல மட்டும் அந்த நம்பர் வந்திருந்தா, அன்னிக்கே தேடி வந்திருப்பீகளா?"

வாயைத் திறந்தேன். பதில் எனக்குத் தெரியும். ஒரு பாட்டில் ஏறினால் மறுநாள் இன்னொரு பாட்டில். அதுதான் அன்றைக்கு இருந்த விதி. இரண்டு பாட்டில் ஒன்றாக ஏறி, யாருடையது என்று தெரியாத கோபத்தில்தான் நான் வண்டியை எடுத்தேன். நாளை வாருங்கள் என்று அந்த நம்பருக்குப் போன் அடித்துவிட்டு, அடுத்த பாட்டிலை எடுக்கப் போயிருப்பேன். அவர் பாயில் உட்கார்ந்து நான்காவது செட்டைப் பிரித்திருப்பார்.

"வந்திருக்க மாட்டேன் ஐயா" என்றேன்.

அவர் அழகுபாண்டியின் தோளில் கையைப் போட்டுக்கொண்டார். "கேட்டுக்க மாப்ள. உனக்கு வராததாலதான் நான் பொழச்சேன்."

மூன்று பேரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்போடு கண்ணும் கலங்கியது. கையிலிருந்த ஒரு ஸ்டிக்கரை மட்டும் கிழிக்காமல், என் ஞாபகத்துக்காக மெஷின் மேல் ஒட்டினேன். பிறகு புதுப் பாட்டில் ஒன்றை எடுத்து, "நேரம் எடுத்துக்கங்க ஐயா, அவசரமில்லை" என்று அவர் கையில் கொடுத்தேன்.